இத்தாலிக்காரர்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு எங்கள் தெரு நாய்கள் மொத்தமாகக் குரைத்தால், நம்மவர் சைக்கிளில் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். மற்ற நாட்களில் அவரைப் பார்த்து வாலாட்டுகிற நாய்கள்தான். அன்றைக்கு மட்டும் அவற்றுக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. தலையில் அரைத் தேங்காய் மூடி போல ஒரு ஹெல்மெட். விடிவதற்கு முன்பே கறுப்புக் கண்ணாடி. உடம்போடு தைத்துவிட்ட மாதிரி பனியன். நடந்தால் லாடம் அடித்த மாடு போல டக் டக்கென்று சத்தம் போடும் ஷூ. நாய்களைக் குற்றம் சொல்ல முடியாது.

திண்டுக்கல்லில் இப்படி ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். பேட்டைக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பைத்தியம். நம்மவருக்கு இத்தாலி. போனதில்லை. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பமே போடவில்லை. ஆனால் டஸ்கனியில் கியாந்தி என்கிற திராட்சை மலைப் பிரதேசத்தில் எந்தத் திருப்பத்தில் எவ்வளவு ஏற்றம் என்று கேளுங்கள், சொல்லுவார். நாகல் நகரிலிருந்து பேகம்பூருக்கு எப்படிப் போவது என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்.

அவருடைய சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்பனாம். ஒரு விரலில் தூக்கிக் காட்டுவார். அதில் ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல் கிடையாது. "இத்தனையும் இல்லாததுக்குத்தான் இவ்வளவு விலையா?" என்று அவர் மாமனார் ஒருமுறை உண்மையாகவே கேட்டார். பூட்டும் கிடையாது என்பது கூடுதல் செய்தி. புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு விற்கிற ஊரில், இவர் எந்தப் பூட்டையும் நம்பாமல் சைக்கிளைப் படுக்கையறையில், ஏசிக்குக் கீழே நிறுத்துகிறார். ஆயுதபூஜையன்று வீட்டம்மா அதன் கழுத்தில் சந்தனம் வைத்துவிட்டார். "கார்பன்மேல எதுவும் படக்கூடாது!" என்று இவர் கத்தியது மூன்று வீடு தள்ளி எனக்குக் கேட்டது. அன்று மாலையே என்னிடம், கோமோ ஏரிக்கு மேலே கிசாலோ மாதா கோயில் இருப்பதையும், 1949-இல் போப்பாண்டவரே அந்த மாதாவை சைக்கிள்காரர்களின் காவல் தெய்வமாக அறிவித்ததையும், கோயில் சுவரெல்லாம் பழைய வீரர்களின் சைக்கிள்கள் தொங்குவதையும் கண் கலங்கச் சொன்னார். மாதா கோயிலில் சைக்கிள் தொங்கினால் சரி, சைக்கிளுக்குச் சந்தனம் வைத்தால் தப்பாம்!

அவர் நெஞ்சில் ஒரு கறுப்புச் சேவல் படம் இருக்கிறது. கியாந்தி கிளாசிக்கோ ஒயினின் சின்னம். அதற்கு ஒரு கதை உண்டு. ஃபிளாரன்சுக்கும் சியனாவுக்கும் எல்லைத் தகராறு. சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்படுவது, இருவரும் சந்திக்கிற இடம் எல்லை என்று பேச்சு. ஃபிளாரன்ஸ்காரர்கள் தங்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். அது பசியில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கூவித் தொலைத்தது. அவர்கள் ஆள் முந்திக் கிளம்பி கியாந்தியில் பெரும்பகுதியை வளைத்துவிட்டான். இந்தக் கதையை நத்தம் சாலை டீக்கடையில் நம்மவர் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தார். டீ மாஸ்டர் கிளாசைக் கழுவிக்கொண்டே, "நான் நாட்டுக்கோழி பிரியாணிக் கடை விளம்பரம்னு நெனச்சேன் சார். பனியன் சும்மா குடுத்தாங்களா?" என்றார்.

அந்த டீக்கடைதான் அவருக்கு முதல் நிறுத்தம். கிளம்பிய நாலாவது கிலோமீட்டரில். நிறுத்தங்கள் இல்லாத சைக்கிள் பயணம் காட்டுமிராண்டித்தனம் என்பது அவர் கொள்கை. கியாந்தியில் கையோலே என்ற ஊரில் 1997-லிருந்து 'லெரோயிகா' என்று ஒரு சைக்கிள் திருவிழா நடக்கிறதே, அதில் நடுநடுவே நிறுத்தி ரொட்டியும் சூப்பும் ஒயினும் தருகிறார்களாம். அந்தத் திருவிழாவில் பெரிய சுற்று 209 கிலோமீட்டர் என்பதை இந்த இடத்தில் அவர் சொல்லமாட்டார்.

டீக்கடைக்கு அப்புறம் சிறுமலை. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. அவரோ இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் நாற்பத்தெட்டு வளைவு என்பார். நம் கொல்லிமலையில் எழுபது இருக்கிறதே என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சிறுமலையில் வாழைத்தாரைச் சுமக்கக் குதிரை வைத்திருக்கிறார்கள். ஆறாவது வளைவில் இவர் பெடலை மிதிக்கிறாரா, பெடல் இவரை மிதிக்கிறதா என்று தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தபோது, மலையிலிருந்து இறங்கிய குதிரை ஒன்று நின்று இவரை ஏற இறங்கப் பார்த்ததாம். இதை அவரே சொன்னார். சுமை தூக்குகிறவனுக்குத்தான் சுமை தூக்குகிறவன் வலி தெரியும் என்றார். குதிரை என்ன நினைத்தது என்பதைக் குதிரைதான் சொல்ல வேண்டும்.

ஏற்றம் ஒத்துவராத வாரங்களில் மலையை விட்டுவிட்டு அடிவாரத்தில் வெள்ளோடு பக்கம் போவார். அங்கே கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் பன்னீர் திராட்சை கறுகறுவென்று தொங்கும். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் ரகப் பெயர், பெயரிலேயே ஐரோப்பா இருக்கிறது. மலை இருக்கிறது, திராட்சை இருக்கிறது, மண்பாதை இருக்கிறது. இத்தாலிக்கு வேறென்ன வேண்டும்? அங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை, அதுவும் இலையுதிர்காலத்தில். நம் பக்கம் கவாத்து பண்ணிவிட்டால் இன்னொரு வெள்ளாமை எடுத்துவிடுவார்கள். ஆனால் நம்மவர் திராட்சைப் பந்தலை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. ஹேண்டில்பாரில் கட்டிய செல்போனில் டஸ்கனி வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் நான் டிவிஎஸ் எக்ஸெல்லில் கூடப் போயிருந்தேன். மண்பாதையில் புல்லுக்கட்டு கட்டிய பழைய ஹெர்குலிஸில் ஒரு பெரியவர் எங்களைக் கடந்துபோய், இரக்கப்பட்டு நின்றார்.

"என்ன தம்பி, செயின் கழண்டுருச்சா?"

"இல்லய்யா, ரெஸ்ட் எடுக்கிறேன்."

"எடுங்க, எடுங்க. இந்த ரோட்டுல போனா இடுப்பு கழண்டுரும். தார் போடச் சொல்லி மனு மேல மனுவாக் குடுக்குறோம்."

நம்மவர் பதறிவிட்டார். "ஐயோ, தார் போட விட்றாதீங்கய்யா! இத்தாலியில மண்ரோட்டைக் காப்பாத்தத்தான் அந்தத் திருவிழாவே ஆரம்பிச்சாங்க. வெள்ளைப்பாதைன்னு அதுக்குப் பேரு."

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "பெட்டி குலுங்கிக் குலுங்கி மார்க்கெட் போறதுக்குள்ள பாதிப் பழம் உதிர்ந்துருது தம்பி. அந்த இத்தாலிக்காரன வரச் சொல்லுங்க, ரெண்டு பெட்டி தலையில தூக்கட்டும்."

பேச்சை மாற்ற நான் அவர் சைக்கிளின் வயதைக் கேட்டேன். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது வாங்கியதாம். நம்மவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! லெரோயிகாவில் ஓட்டுவதற்கு இரும்பு சைக்கிளாக, 1987-க்கு முன்னால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. இவருடைய கார்பனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வயதையும் உலோகத்தையும் மட்டும் பார்த்தால், அந்தப் புல்லுக்கட்டு ஹெர்குலிஸுக்குக் கதவு திறந்திருக்கிறது.

அன்றைக்கு வீட்டம்மா, "வெள்ளோட்டுப் பக்கம்தான போறீங்க, ரெண்டு கிலோ திராட்சை வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். என் வண்டியில் வைக்கலாம் என்றேன். சைக்கிள்காரன் தன் சுமையைத் தானே சுமக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார். பையும் இல்லை, கேரியரும் இல்லை. பனியனுக்குப் பின்னால் மூன்று பாக்கெட் இருந்தது. மூன்றிலும் திணித்துக்கொண்டு, குனிந்து வளைந்து, வீரனைப் போல மிதித்தார். வீடு சேர்ந்தபோது முதுகிலிருந்து சாறு வடிந்து நிஜார்வரை ஊதாவும் சிவப்புமாகப் பரவியிருந்தது. இத்தாலிச் சுற்றுப்போட்டியில் முன்னணியில் இருப்பவருக்கு 1931-லிருந்து இளஞ்சிவப்பு பனியன் தருகிறார்கள். நம்மவர் ஒரு காலையில், போட்டி இல்லாமலே வாங்கிவந்துவிட்டார்.

வீட்டம்மா பனியனை வாளியில் முக்கிவிட்டு, "அடுத்த தடவை ஒரு கேரியர் வச்ச இத்தாலியா பாத்து வாங்குங்க" என்றார்.

அவர் திருந்திவிட்டார் என்று எண்ண வேண்டாம். இந்த ஞாயிறும் சிறுமலைக்குத்தான். காரில் மலையேறும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆறாவது வளைவில், நெஞ்சில் சேவல் படத்தோடு, செல்போனை உயர்த்திப் பிடித்து இயற்கையைப் படம் எடுப்பதுபோல் ஒருவர் நின்றால், அவர் படம் எடுக்கவில்லை, மூச்சு வாங்குகிறார். ஹாரன் அடிக்காமல் போங்கள்.