பை காத்தல்: பாரிஸ் குடும்பச் சுற்றுலா குறித்து ஓர் ஆய்வு

சுற்றுலா என்பது சுற்று, உலா என்னும் இரண்டும் புணர்ந்த சொல். உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் நின்று பார்ப்பர். பாரிஸில் இம்மரபு தலைகீழாகிறது. ஈபிள் கோபுரம் என்னும் தலைவன், இன்று 330 மீட்டர் உயரத்துக்கு, 1889 முதல் நின்ற இடத்திலேயே நிற்கிறான். எழுபருவத்தாரும் மெட்ரோவில் வண்டி மாறி, கால் வீங்கி அவனிடம் வந்து சேர்கின்றனர். பாட்டியல் நூலார் சொல்லாமல் விட்ட எட்டாம் பருவம் ஒன்றும் இங்கு உண்டு. அது பை காக்கும் பருவம்.

குடும்பச் சுற்றுலாவின் உறுப்புகள் நான்கு: பார்த்தல், படம் எடுத்தல், கழிப்பறை தேடல், பை காத்தல்.

பார்த்தலுக்கு நேரம் கிடைப்பதில்லை ஆதலின் அது இங்கு விரிக்கப்படவில்லை.

படம் எடுத்தலுக்குச் சிறந்த களம் லூவர் அருங்காட்சியகம். 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உள்ள மோனா லிசாவை முன்னால் நிற்பவரின் கைப்பேசித் திரையில் கண்டு, அத்திரையைத் தம் கைப்பேசியில் எடுத்துக்கொள்வதே முறை. எதிர்ச்சுவரில் வெரோனேசே தீட்டிய ‘கானாவூர்த் திருமணம்’ ஏறத்தாழப் பத்து மீட்டர் அகலத்தில் விரிந்து கிடக்கிறது. அதற்கு அனைவரும் முதுகு காட்டி நிற்பர். அழைப்பிதழ் வராத கல்யாணம் என்பதால் என்பர் ஒரு சாரார். செவ்வாய்க்கிழமை சென்றோர்க்கு இந்தச் சிக்கலே இல்லை. அன்று லூவருக்கு விடுமுறை.

கழிப்பறை தேடல் தனி நூலுக்கு உரியது. அவசரத்தில் எழுதத் தக்கதன்று.

இனிப் பை காத்தல். பை இருவகைப்படும்: தோளில் தொங்குவது, தோளை விட்டு இறங்கியது. முன்னதால் ஆய்வுலகுக்குப் பயனில்லை. பின்னதன் மேலடுக்கில் குழந்தையின் ஸ்வெட்டர், நடுவடுக்கில் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள், அடியில் லா ஷாப்பெல் பகுதி உறவினர் விடியற்காலையில் எழும்பிக் கட்டிக்கொடுத்த இடியப்பப் பொட்டலம். சம்பல் தனியே, நெகிழிப் பைக்குள் நெகிழிப் பையாக. பெரிய பைகளை ஈபிள் கோபுரத்தில் ஏற்றவிடார் என்னும் விதியே எட்டாம் பருவத்தைத் தோற்றுவித்தது.

பருவத்தின் தொடக்கம் ஒரு வாக்கியம்: “அம்மம்மா, இதை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ.” இதிலுள்ள ‘இதை’ என்னும் சுட்டு பையைக் குறிக்கும் என்பது பெரும்பான்மையோர் துணிபு. மூத்த மருமகனின் வாட்ஸ்அப் குரல்பதிவு, இரண்டாம் நிமிடம், பின்னணியில் குழந்தை அழும் இடம், இதற்குச் சான்று. மாமியின் கைப்பேசிக் காணொளியிலோ, காற்றிரைச்சலுக்கு நடுவே, ‘பாத்துக்கொண்டிருங்கோ’ என்னும் பாடபேதம் கேட்கிறது. அதைக் கொண்டால் ‘இதை’ கோபுரத்தையே சுட்டும். இவ்விரண்டையும் மறுத்து நாற்பது பக்கம் எழுதிய ஒருவர் பாரிஸுக்குப் போனவரும் அல்லர், அம்மம்மாவைக் கேட்டவரும் அல்லர். இது பல்கலைக்கழகங்களில் குறையாகக் கருதப்படுவதில்லை.

ஏறுவோர் இரண்டாம் தளம் வரை 674 படிகளை எண்ணிக்கொண்டு ஏறி, முந்நூறுக்கு மேல் எண்ணிக்கையைக் கைவிடுவர். உச்சிக்கு லிஃப்ட் மட்டுமே. 1887-இல் இக்கோபுரம் வேண்டாம் என்று கையெழுத்திட்டோருள் எழுத்தாளர் மாப்பசானும் ஒருவர். பிற்காலத்தில் அவர் அதன் உணவகத்துக்கே சாப்பிட வந்தார் என்றும், பாரிஸில் கோபுரம் கண்ணில் படாத இடம் அது ஒன்றே என்று காரணம் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. அக்கதைப்படி ஏறியவர்கள் கோபுரம் நீங்கலாக எல்லாம் கண்டனர். ஷாம்ப் த மார்ஸ் புல்வெளி வாங்கில், இரு கால்களுக்கும் இடையில் பையை இறுக்கி அமர்ந்திருந்தவரே கோபுரத்தை அடிமுதல் முடிவரை கண்டவர். இருட்டிய பின் மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் அது மினுங்கியதையும் அவரே முழுதாகப் பார்த்தார்.

இறங்கி வந்தோர் முதலில் கேட்டது பொட்டலத்தை. இடியப்பத்தில் இரண்டு குறைந்திருந்தன. அது குறித்துக் குரல்பதிவிலும் இல்லை, காணொளியிலும் இல்லை.