பின்பக்க பிளேடு இயல்: மணமேல்குடியில் பனி அகற்றல் குறித்த ஓர் ஆய்வு

பழைய டிராக்டரின் பின்னால் மாட்டிய இரும்பு பிளேடால் பனியை ஒதுக்க நான்கு பொருள்கள் தேவை: டிராக்டர், பிளேடு, டிரைவர், பனி. புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடியில் முதல் மூன்றுக்கும் தட்டுப்பாடில்லை. நான்காவது இன்னும் வந்து சேரவில்லை. பாக் நீரிணைக் கரையில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கும் ஊர் இது. 7ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுமாறனிடம் அமைச்சராக இருந்த குலச்சிறை நாயனார் பிறந்த ஊரும் இதுவே. அவருடைய அடியார் பக்தியைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார், ஊரில் பனி கொட்டியதாக எங்கும் சொல்லவில்லை. ஆகவே பனியின்மை குறைந்தது 12ஆம் நூற்றாண்டிலிருந்தே நிலவிவருகிறது எனத் துணியலாம்.

தமிழ்நாட்டில் பனிக்கு ஓரளவு கிட்ட வருவது ஊட்டி உறைபனி. அது புல் நுனியில் படிந்து, வெயில் ஏறியதும் காணாமற்போகும். பிளேடை இறக்குவதற்குள் ஒதுக்க ஒன்றும் மிஞ்சாது. எனவே இவ்வாய்வு பனியின் இடத்தில் கண்மாய் வண்டலை வைக்கிறது. கோடையில் வற்றிய கண்மாயில் வெட்டிய வண்டல், வயலில் குவியல் குவியலாகக் கொட்டப்படும். பிளேடு மாட்டிய டிராக்டர் அதை நிரவும். புதிதாய் விழுந்த பனி ஒரு கனமீட்டருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். ஈர மண் அதைப்போல் 15 மடங்குக்கு மேல். வண்டலைத் தள்ளிய வண்டிக்குப் பனியெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்டால், எடைக் கணக்குப்படி கேள்வி நியாயமானது. வழுக்கல் அந்தக் கணக்கில் சேராது.

பிளேடைத் தாங்குவது மூன்று புள்ளி இணைப்பு: கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க். அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் 1926இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்கள் வழியாக இதைத் தமிழ்நாட்டு வயல்களில் பரப்பியது. இமயமலைச் சாலைகளில் பனி அகற்றும் எல்லைச் சாலைகள் அமைப்பு உருவானதும் அதே 1960இல்தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற அது ஒரு தடையும் இல்லை.

பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் பிளேடைத் தூக்கும், கீழே அழுத்தாது. இறங்கிய பிளேடு தன் எடையால் மட்டுமே தரையைக் கடிக்க வேண்டும். டாப் லிங்கைத் திருகி விளிம்பின் சாய்வை மாற்றினால் கடி கூடும், அல்லது குறையும். அதுவும் போதாதபோது மணல் மூட்டையைக் கட்டுவார்கள். மூட்டைக்குப் பதிலாக டிரைவரின் மச்சானை ஏற்றி நிறுத்தும் வழக்கமும் உண்டு. மூட்டைக்குக் கூலி இல்லை, தவறி விழுந்தாலும் கேள்வி இல்லை என்பதால் இவ்வாய்வு மூட்டையையே பரிந்துரைக்கிறது.

பின்பக்க பிளேடின் அடிப்படைச் சிக்கல் அது பின்னால் இருப்பதே. ஒதுக்க வேண்டியதன் மேல் நான்கு சக்கரமும் ஏறி மிதித்த பிறகே பிளேடு வந்து சேரும். மிதிபட்ட பனி இறுகிப் பனிக்கட்டியாகும். அதைப் பிளேடு சுரண்டுமே தவிரப் பெயர்க்காது. வண்டல் குவியலிலோ வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும். இதற்கு மருந்தாக பிளேடைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, ரிவர்ஸில் தள்ளுவார்கள். முன்னே போக எட்டு கியர் உள்ள வண்டிக்கும் பின்னே போக இரண்டுதான். டிரைவரின் கழுத்துக்கோ அப்படி ஒரு கியரே கிடையாது.

கழுத்து திரும்பாத குறையை ஈடுசெய்யவே ஐந்தாவது உறுப்பு தோன்றியது. வரப்பில் நின்று “வாண்ணே, வா, வா, இன்னும் வா” என்று கையாட்டுபவர் அவர். அவருக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “போதும்” என்ற சொல் அவர் வாயிலிருந்து இடித்த சத்தத்துக்குச் சற்றுப் பின்னரே வரும்.

பிளேடைச் சாய்கோணத்தில் வைத்தால் தள்ளியது ஒரு பக்கமாக வழிந்து நீள வரம்பாகச் சேரும். அந்த வரம்பு யார் பக்கம் விழுகிறது என்பது இயந்திரவியலில் அடங்காது. பனி நாடுகளில் அது அண்டை வீட்டு வாசலை அடைக்கிறது. இங்கே அண்டை வயலின் மடையை அடைக்கும். தண்ணீர் பாயும் திசை மாறினால் பேச்சின் திசையும் மாறும்.

எஞ்சியது உப்பு. நீரின் உறைநிலையை இறக்குவதால் பனி நாடுகளில் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள், வண்டிகள் துருப்பிடிக்கின்றன. மணமேல்குடியில் அந்தத் துருவைக் கடற்காற்றே இலவசமாகத் தருகிறது. எனவே வேலை முடிந்ததும் பிளேடைக் கழுவி, விளிம்பிலும் பின்களிலும் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசி, தரையில் கட்டை போட்டு இறக்கி வைக்க வேண்டும். தூக்கியபடியே விட்டால் பழைய ஹைட்ராலிக் இரவோடு இரவாகத் தானே இறங்கிவிடும்; அடியில் நிழலுக்குப் படுத்த நாய் அதற்கு முன் எழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.