உப்பும் தலைவலியும் விளையும் கரை

புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரையான கரையில் தலைவலிக்குப் பஞ்சம் வராது. உப்பு விளைய எது வேண்டுமோ, அதுவே ஒற்றைத் தலைவலிக்கும் உகந்தது: மழையில்லாத நாள், உச்சி வெயில், வெள்ளைப் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் ஒளி. தண்ணீர் குடிக்க நேரமில்லாத வேலையும், பிளேன்டீயோடு ஒப்பேற்றிய காலைச் சாப்பாடும் சேர்ந்தால் விளைச்சல் அமோகம். மண்டை பிளந்தால் பெட்டிக்கடைதான் வைத்தியசாலை. முதலாளிதான் டொக்டர், பனடோல்தான் மருந்து. வரிசையில்லை, துண்டில்லை, கேள்வியுமில்லை. ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் பனடோலிலுள்ள பரசிற்றமோலை விழுங்கினால் அந்த மருந்தே தலைவலியைப் பிறப்பிக்கலாம் என்கிறது சர்வதேச தலைவலி வகைப்பாடு. வாடிக்கையாளரைத் தானே உற்பத்தி செய்யும் சரக்கு எந்தக் கடைக்காரருக்குக் கசக்கும்?

வலி வராமல் தடுக்கும் மருந்துக்காகக் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பார்கள். நியாயம்தான், வலியில் பாயோடு கிடக்கும் நாட்களின் கூலியையும் அந்தக் கணக்கில் சேர்க்கட்டும். வலியைத் தடுக்க வலியில்லாத நாளிலும் மாத்திரையா என்பது அடுத்த கேள்வி. பிரஷருக்கு அப்படித்தானே விழுங்குகிறோம்! அதே பிரஷர் மருந்தான புரோப்ரனலோல்தான் பல்லாண்டாக ஒற்றைத் தலைவலியையும் தடுத்துவருகிறது. ஆஸ்துமாக்காரருக்கு அது ஆகாது, வேறு மருந்து உண்டு. இதையெல்லாம் பெட்டிக்கடையில் விசாரிக்கமாட்டார்கள். வலித்த நாளையும் விழுங்கிய நாளையும் கலண்டரில் குறித்து எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை.