பம்பு மேல பழி போடாதே மாப்ள

கண்ணு மாப்ள, நேத்து நீ போன்ல பொலம்புனதக் கேட்டுட்டு உன்ற அத்தை ராத்திரி சோறு திங்கல. "வெர்மாண்டுல புள்ளை குளுருல வெறைக்கறானாம், ஒரு கம்பளி வாங்கி அனுப்புங்க"ன்னு காலைல இருந்து பின்னாலயே சுத்தறா. கம்பளி எதுக்குடி, லோடு லோடா வெறகத் தின்னுக்கிட்டு ஊட்டுக்கு வெளிய ஒரு இரும்புப் பூதமே நிக்குதேன்னன். பூதம் கொதிக்குது, ஊடு குளுருது. அதுக்கு நீ கண்டுபுடிச்ச வைத்தியம், பெரிய பம்பு. நம்ம ரத்தம் எந்தச் சீமைக்குப் போனாலும் மாறாது போல. தண்ணி வல்லையா, மோட்டார மாத்து!

போன மார்கழிக்கு நானே அங்க வந்து மூணு மாசம் குரங்குக் குல்லாயோட உக்காந்திருந்தவன். நீ பொழுதுக்கும் கம்ப்யூட்டருக்குள்ள தலைய உட்டுக்கிட்டிருந்தப்ப, பூதத்துக்குக் கட்டை போட்டது யாரு? இந்தக் கெழவன்தான். அதனால அதோட ஜாதகம் எனக்கு அத்துப்படி. நடுவுல நெருப்பு, நெருப்பச் சுத்தித் தண்ணி. நம்ம பொடக்காளியில வெந்நி போடற செப்பு பாய்லரு இருக்குதல்ல, அதோட பெரியண்ணன். 82 டிகிரிக்குக் காஞ்ச தண்ணி மண்ணுக்கடியில 80 அடி வந்து, ஊட்டுல சூட்ட எறக்கி வெச்சுட்டு, இன்னொரு குழாய்ல 80 அடி திரும்பிப் போகுது. 2020 மே மாசத்துக்குப் பொறவு பொகை கம்மியா உடற பொட்டிதான் புதுசா விக்கலாம்னு உங்கூருல சட்டமாம். உன்றது அதுக்கு முந்தின சனி. ஊட்டோட சேத்து வாங்குன. இருக்கட்டும்.

தண்ணியத் தள்ளி உடற பம்புக்கு 007-ன்னு பேரு. ஜேம்ஸ்பாண்டு கணக்கா பெருசா என்னமோன்னு பாத்தா, ஒரு குதிரைய 25 கூறு போட்டு அதுல ஒரு கூறுதான் அதோட பலம். நம்ம தோட்டத்துல ஏழரைக் குதிரை ஓடுது. எனக்கும் மொதல்ல சிரிப்புதான். "ஊடு மேட்டுல இருக்குதுங் மாமா, பாய்லரு பள்ளத்துல. 15 அடி ஏத்தோணும், இந்தப் பம்புக்கு எங்க தெம்பு"ன்ன. நானும் தலையாட்டுனன். கெணத்துல தண்ணி எறைச்சே நரைச்ச தலை, அப்படித்தான் ஆடும்.

ராத்திரி படுத்துக்கிட்டு ரோசனை பண்ணப்பத்தான் ஒறைச்சுது. கெணத்துத் தண்ணி ஏறுனா ஏறுனதுதான், வாய்க்காலுக்குப் போயிரும். உன்ற தண்ணி போன வேகத்துல திரும்பியும் வருதே! ராட்டுல கவுத்தோட ரெண்டு முனையிலயும் கொடம் கட்டுனா, ஒரு கொடம் எறங்க ஒரு கொடம் ஏறும். எடைக்கு எடை சரியாப் போயிரும். குழாய் நெறைஞ்சு நிக்கற மட்டும் மேடு பள்ளமெல்லாம் பம்புக்குக் கணக்கே இல்ல. குழாயோட உரசலைத் தாண்டுனாப் போதும். மேடு கணக்குக்கு வர்றது மொத மொதல்ல தண்ணி ரொப்பறப்ப மட்டுந்தான். அதுக்குப் பம்பக் கொல்லாத. ஊட்டுப் பக்கமிருந்து ஓஸப் போட்டு ரொப்பு. காத்து தானா பாய்லரு பக்கம் ஓடி மேல போயிரும்.

காத்துன்னதும் உன்ற மாடி ஞாபகத்துக்கு வருது. ராத்திரியில ரேடியேட்டருக்குள்ள கொடகொடன்னு சத்தம் கேட்டு, பேய்னு உன்ற அத்தை திருநீறு பூசுனா. பேயில்ல, நீ மாட்டி வெச்ச வால்வு. தானாக் காத்த வெளியேத்தும்னு வாங்கி மாட்டுன பாரு, அதேதான். உன்ற பாய்லரு என்ன குக்கரா? மண்டையில தொளை உட்ட தொறந்த பானை. பம்பு நின்னா, அந்தப் பானைத் தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கற குழாய்ல எல்லாம் அழுத்தம் வெளிக்காத்த உடக் கம்மி. அங்க வால்வு தொறந்தா காத்து வெளிய போகாது, உள்ள வரும். எளநிக் குழாய்ல ஓட்டை உளுந்தா உறிஞ்சிப் பாரு, தெரியும். அதக் கழட்டிப்போட்டு, கையில திருகற மூடி வெச்சுக்க. ஆனா ஒண்ணு, பாய்லரு மண்டைத் தொளைய மட்டும் எந்தக் காலத்துலயும் அடைச்சுராத. அடைச்சா அது பானை இல்ல, வெடிகுண்டு.

இப்ப பம்பு உக்காந்திருக்கற எடத்துக்கு வா. அண்டர்கிரவுண்டு ரூமுல, திரும்பிப் போற குழாய்ல மாட்டியிருக்கற. குளுராம நின்னு வேலை செய்ய உனக்குத் தோதான எடம், பம்புக்குத் தோதில்ல. ஊடு பூராத்தையும் சுத்தி வர்ற தண்ணிய அது உறிஞ்சோணும். இந்த மாதிரிப் பம்புக்குத் தள்ளத்தான் தெரியும், உறிஞ்சத் தெரியாது. சூட்டுத் தண்ணிய இழுத்தா, இழுக்கற வாய்லயே தண்ணி ஆவியாகிக் கொமுளி கட்டும். கூழாங்கல்ல அரைக்கற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சல்ல? "பேரிங் போச்சுங் மாமா"ன்ன. பேரிங் இல்ல மாப்ள, கொமுளி ஒடையற சத்தம். அந்த எடத்துல நீ பெரிய பம்ப வெச்சா இன்னும் ஜோரா அரைக்கும். பாய்லரு முதுகுப் பக்கம், கீழ, தண்ணி வெளிய கெளம்பற வாய்ல வெச்சுப் பாரு. தலைக்கு மேல தண்ணி நிக்கும், அது பாட்டுக்குத் தள்ளும்.

அடுத்தது தொண்டை. ஒரு இஞ்சு பெக்ஸு குழாய்னு பெருமையாக் காட்டுன. வெளிய அளந்தா இஞ்சுக்கு மேலயே இருக்குது. என்ற சுண்டுவெரல உள்ள உட்டுப் பாத்தன், வாய் 22 மில்லிமீட்டருதான். அதுக்குள்ள சொருகற பித்தளை மூட்டு அதையும் சுருக்குது. அது போதாதுன்னு, சூடு மாத்தற தகட்டுப் பொட்டிக்கிட்ட வந்ததும் முக்கால் இஞ்சுக்கு எறக்கியிருக்கற. கடையில அதுதான் இருந்துச்சாம்! ஆறு மடையில தொறந்து உட்டுட்டு கடை மடையில பானை மூடிய வெச்ச கதை. முட்டி திரும்பற எல்போ எத்தனைன்னு எண்ணுனன், 11. செவுத்தோட ஒட்டி நேர்கோடா அழகாத்தான் இருக்குது. தண்ணிக்கு அழகு தெரியுமா?

பெரிய பம்பு போட்டா என்னாகும், கேட்டுக்க. அதே குழாய்ல ரெண்டு மடங்கு தண்ணி போகோணும்னா கிட்டத்தட்ட நாலு மடங்கு அழுத்தம் வேணும். கரண்டு பில்லு நீ கட்டறது, எனக்கென்ன. குழாய ஒண்ணேகால் இஞ்சா மாத்துனாலோ, அதே தண்ணிக்கு உரசல் பாதிக்கும் கீழ எறங்கிரும்.

மாத்தறதுன்னு எறங்குனா மண்ணுக்குள்ள இருக்கறதையும் பாத்துரு. தை மாசம் வெளிய முழங்கால் பனி, ஆனா பாய்லருல இருந்து உன்ற வாசப்படி வரைக்கும் ஒரு மொழம் அகலத்துக்குப் பச்சைப் புல்லு. மானு வந்து மேஞ்சுச்சு, நீ போட்டோ புடிச்சு உங்கம்மாவுக்கு அனுப்புன. மானு அழகுதான். அந்தப் புல்லு உன்ற வெறகு மாப்ள. குழாயச் சுத்தி ஜிகினாத் தாளு சுத்தி, கருப்புக் குழாய்க்குள்ள சொருகிப் பொதைச்சுட்டுப் போனானே அந்த ஆளு, அதுக்குள்ள ஊத்துத் தண்ணி நெறைஞ்சு நிக்குது. அண்டர்கிரவுண்டு ரூமுல அந்தக் கருப்புக் குழாயோட வாய்ல கை வெச்சன், வெதுவெதுன்னு சொட்டுது. பம்பப் பெருசாக்குனா மண்ணு திங்கறது நிக்குமா? நுரை ரொப்பி ஒட்டுன குழாய் வாங்கு. காசு கூடத்தான்.

சரி, கெழவன் வாய்க்கு வந்ததச் சொல்றான்னு நெனைப்ப. அதுக்குத்தான் கெளம்பற அன்னிக்கி உன்ற பொண்ணோட காச்சல் பாக்கற மிஷின எடுத்துக்கிட்டுப் போய் அளந்து பாத்தன். நல்ல வேளை, அது அடுப்படிக்கும் சேத்து வாங்குன சாதி, நூறு வரைக்கும் காட்டுது. பாய்லருல 82. ஊட்டுக்குள்ள நொழையறப்ப 77. அஞ்சு மண்ணுக்கு, மானுக்கு. ஊட்ட உட்டு வெளிய போறப்ப 52. நொழையறதுக்கும் போறதுக்கும் பத்துப் பன்னெண்டு வித்தியாசம் இருந்தா ஓட்டம் சரி. உனக்கு 25. தண்ணி அசைஞ்சு அசைஞ்சு வருது, வர்ற வழியிலயே ஆறிப்போகுது. கணக்கு வேணும்னா இந்தா: நிமுசத்துக்கு ஒரு லிட்டரு 10 டிகிரி எறங்குனா 0.7 கிலோவாட் சூடு குடுக்கும். 20 கிலோவாட் வேணும்னா 28, 29 லிட்டரு ஓடோணும். இன்னொண்ணு, திரும்பற தண்ணி 60-க்குக் கீழ போனா பூதத்தோட வயித்துச் செவுரு வேர்த்துத் தாரு புடிச்சுக்கும், இரும்பு அரிச்சுரும்.

வித்தியாசம் அஞ்சுக்குள்ள வந்தும் ஊடு குளுருச்சுன்னா ஓட்டத்துல கொறையில்ல, சூடு கை மாறலைன்னு அர்த்தம். அப்ப ஊட்டுக்குள்ள சூட்டுக் காத்து வர்ற டக்டுக்குள்ள இருக்கற காயிலத் தொறந்து பாரு. நான் பாத்தப்ப தகட்டிடுக்குல உன்ற நாய் முடி மெத்தை மாதிரி படிஞ்சு கெடந்துச்சு. சீப்பு வெச்சு ஒரு மதியம் பூரா சீவுனன். நாயக் கூட ஒருத்தரும் அப்படிச் சீவியிருக்க மாட்டாங்க.

இதெல்லாத்துக்கும் மொதல்ல, பம்புக்கு முன்னால ஒரு வடிகட்டி இருக்குது பாரு, கவுட்டை மாதிரி. பம்பு கரண்ட நிறுத்தி, ரெண்டு பக்கமும் வால்வ அடைச்சு, தண்ணி ஆறுன பொறவு அதக் கழட்டு. நான் கேட்டப்ப, அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதுன்ன. உள்ள பில்டரு காப்பி மண்டி கணக்கா கருப்பா அடைஞ்சிருக்கும். தொறந்த பானையில காத்துப் பட்டு இரும்பு துருவேறிக் கரைஞ்சது அது. துருப்புடிக்காம இருக்க ஊத்தற மருந்து பாய்லரு பக்கத்துலயே டப்பாவுல இருக்குது, சீலு ஒடைக்காம.

அதனால மாப்ள, வந்திருக்கற பெரிய பம்ப அட்டைப்பொட்டியோட அப்படியே வெய்யி, பிரிச்சா திருப்பி வாங்க மாட்டான். இந்த ஞாயித்துக்கெழமை வடிகட்டியக் கழுவிட்டு, நான் அளந்த மூணு எடத்துலயும் சூடு அளந்து எனக்கு வாட்சப்புல அனுப்பு. அனுப்பலைன்னா, மானு மேஞ்ச புல்லுக்கு வருசத்துக்கு எத்தனை லோடு வெறகு எரிச்சன்னு உங்கம்மாகிட்ட நானே சொல்லிருவன்.