ஐஸ் மேக்கர் அடம்பிடித்தால்?

கேள்வி: எங்கள் ஃபிரிட்ஜில் தானாக விழுந்துகொண்டிருந்த ஐஸ் ஒரு வாரமாக விழவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, புது ஃபிரிட்ஜே வாங்கிவிடுவதா? (வாசகி, திருச்சி)

பதில்: பர்ஸைத் திறக்கும் முன் ஃப்ரீசரைத் திறங்கள். பல மாடல்களில் ஐஸ் பெட்டிக்கு மேலே ஒரு கம்பி இருக்கும். அது தூக்கி நின்றால், ‘பெட்டி நிரம்பிவிட்டது’ என்று மெஷின் வேலையை நிறுத்திவிடும். கீழே இறக்கிவிடுங்கள், பல வீட்டுப் பஞ்சாயத்து அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறதா? பின்பக்கம் தண்ணீர் ட்யூப் மடங்கியிருக்கிறதா? ஃபில்டர் மாற்றி 6 மாதம் தாண்டிவிட்டதா? ஃபில்டர் அடைத்தால் ஐஸ் கட்டி சுண்டைக்காயாகச் சிறுத்து, பிறகு நின்றே போகும்.

தண்ணீர் விழும் குழாய் முனை உறைந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒற்றி உருக்குங்கள். கத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். ஐஸ் உடையும் முன் பிளாஸ்டிக் உடையும்.

மறுபடி ஆன் செய்து 24 மணி நேரம் பொறுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் வால்வோ மோட்டாரோ பழுதாகியிருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பார்த்ததையெல்லாம் சொல்லுங்கள். அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குக் காசு மிச்சம்.