சித்தப்பா பதில்கள்: வளைகாப்பு ஸ்பெஷல்

*நாள் தள்ளிப்போயிருக்கிறது. முதலில் யாரிடம் சொல்லட்டும்?*
– புது மருமகள், ஆரணி

வீட்டுக்காரரிடம். அடுத்த நடை, கிராம சுகாதார செவிலியரிடம். 12 வாரத்துக்குள் பதிந்து ‘பிக்மி’ எண் வாங்கிவிடும்மா. நாளைக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு அதைத்தான் கேட்பார்கள். பெயருக்கு முன்னால் நம்பர் வாங்கும் பிள்ளை!

*முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் என்றார்கள். கைக்கு வந்தது 14,000. மீதியைத் தின்றது யார்?*
– இளம் தாய், விருத்தாசலம்

நீதான் தாயி! ஹெல்த் மிக்ஸ், நெய், பேரீச்சம்பழம் என்று ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம் வந்திருக்குமே, அதுதான் மீதி 4,000. வரவில்லையா? செவிலியரிடம் உடனே கேள். நெய்யை மாமனார் தோசைக்கு ஊற்றினால், அவரையும் கேள்.

*என்ன குழந்தை என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வார்களா?*
– மாமியார், உசிலம்பட்டி

கேட்பதே குற்றம். 1994-ஆம் வருஷத்துச் சட்டம். 3 வருஷம் வரை சிறை. கட்டாயத்துக்கு ஆளான கர்ப்பிணியைச் சட்டம் விட்டுவிடும். மாமியாரை விடாது.

*பெரியாஸ்பத்திரியில் பிள்ளையைக் கண்ணில் காட்டவே காசு கேட்டார்கள். ஆணுக்கு ஒரு ரேட், பெண்ணுக்கு ஒரு ரேட்! கொடுக்கத்தான் வேண்டுமா?*
– புதுத் தாத்தா, திண்டுக்கல்

ஒரு பைசா கொடுக்காதீர்கள். அது இனாம் இல்லை, லஞ்சம். நேரே நிலைய மருத்துவ அதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் 2011-லேயே வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, ரத்தம், பரிசோதனை எல்லாம் இலவசம். சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை. வீடு திரும்ப வண்டியும் உண்டு. பிள்ளைக்கு நோவு என்றால் ஒரு வயசு வரை வைத்தியத்துக்குக் காசில்லை.

வலியில் துடித்தவளின் வீட்டாரிடம் கை நீட்ட எப்படித்தான் மனசு வருகிறதோ! பேத்தியா, பேரனா? எதுவானாலும் ரேட் ஒன்றுதான்: பூஜ்யம்.

*கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து வேண்டுமாமே?*
– பெயர் வேண்டாம், கரூர்

18 வயசு நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். சட்டம் கேட்காத கையெழுத்தை ஆஸ்பத்திரி ஏன் கேட்கிறது?

*கம்பெனியில் 3 மாதம்தான் பேறுகால விடுப்பு என்கிறார்களே?*
– வேலைக்குப் போகிறவள், ஓசூர்

2017-லேயே அது 26 வாரமாகிவிட்டது. முதல் ரெண்டு பிள்ளைக்கும், சம்பளத்தோடு. உங்கள் மேனேஜர் வீட்டில் இன்னும் பழைய காலண்டர் தொங்குகிறது போல.

*பிரசவத்தன்று நான் என்ன செய்வது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை!*
– அப்பாவாகப் போகிறவன், தென்காசி

வலி கண்டதும் 108-ஐக் கூப்பிடு. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ்-பி ஊசி போட்டார்களா, அட்டையில் எழுதினார்களா, பார். லட்டு வாங்க அப்புறம் ஓடலாம்.