ரேட் அண்ணாச்சி

ஆலங்குளத்தில், திருநெல்வேலி–தென்காசி சாலையோர டீக்கடை பெஞ்சில் ஓர் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். கடைக்கு ஒருவர் உண்டு. நிலத்தரகு அவருக்குத் தொழில். ஆளுக்கு விலை போடுவது பொழுதுபோக்கு.

யார் வீட்டுப் பையன் வேலைக்குப் போனாலும், "மாசம் என்ன வாங்குதான்?" முனைவர் பட்டம் வாங்கியவனிடம், "அதுக்கு எவ்வளவு தருவாங்க?" சாரல் சீசனில் குற்றாலம் போகும் கார்களையும் விடமாட்டார். "பதினெட்டு லட்சம் போகுது… பின்னால வாரது செகண்ட் ஹேண்டுவே, நாலரை." உள்ளே ஆள் இருப்பது அவர் கண்ணில் படாது. ஒருமுறை அவரையே மெயினருவிக்கு இழுத்துப் போனார்கள். அத்தனை பேரும் துண்டோடு நிற்கவும், எவனுக்கு என்ன மதிப்பு என்று பிடிபடாமல் திணறிவிட்டார். ஒருவர் கழுத்தில் சங்கிலி மின்னியது. "அஞ்சு பவுன்" என்று முணுமுணுத்த பிறகுதான் தலையை நனைத்தார்.

அவர் கணக்கு உதைக்கிற இடம் சொந்தத் திண்ணை. அங்கே மதினி மடியில் சொளவோடு பீடி சுற்றிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் பெண் பார்க்கப் போனால், "பீடி சுத்துமா, நாளைக்கு எத்தனை?" என்று கேட்ட காலம் உண்டு, ஆயிரம் சுற்றுகிற கைக்குத் தனிக் கிராக்கி. அண்ணாச்சி கட்டியதும் அந்தக் கணக்கில்தான். தரகு படியாத மாதங்களில் அடுப்பு எரிந்தது அந்தக் கையால் என்பதை மட்டும் அவர் எந்த நோட்டிலும் வரவு வைத்ததில்லை.

இப்போது மகன் துபாயிலிருந்து பணம் அனுப்புகிறான். "சொளவைத் தூக்கிப் போடும்மா" என்கிறான். மதினி சரி என்கிறார். மறுநாள் பீடிக்கடையில் கட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு, இலையும் தூளும் வாங்கி வருகிறார்.

"அவன் அனுப்புததுல பத்துல ஒரு பங்கு வராதுட்டீ இது!"

"அது அவன் துட்டு. இது என் துட்டு."

ரிசர்வ் வங்கி இரண்டையும் ஒரே மாதிரிதான் அச்சடிக்கிறது. மதினி அதை ஒப்புக்கொள்வதாக இல்லை. எனக்கென்னவோ அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

துட்டு நுழைந்தால் விஷயமே மாறிவிடும் என்று காட்ட, இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஒரு சோதனையை அண்ணாச்சியிடம் சொன்னேன். க்னீசி, ருஸ்டிகினி என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் இறங்கவில்லை.

"அபராதம்னு யாருவே சொன்னது? அது வாடகை. துட்டு குடுத்தாச்சுல்லா, பொறவு என்ன கூச்சம்?" என்றார், ஒரு மிடறு டீக்குள்.

இப்படிப்பட்டவர், ஊரில் யாரையாவது பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதல் பஸ்ஸில் போய் நிற்பார். மருந்துச் சீட்டோடு அலைவார், ரத்தம் கொடுக்கப் பையன்களைப் பிடிப்பார், வராந்தாவில் பேப்பரை விரித்துப் படுப்பார். சொந்தக் காசில் டீ. ஒருமுறை, பிழைத்து எழுந்த ஒருவர் நன்றியோடு அவர் சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாயைச் செருகினார். அண்ணாச்சி அதை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, பேசாமல் பஸ் ஏறியவர்தான். அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

துட்டு கொடுத்தது தப்பா, ஐந்நூறு கொடுத்தது தப்பா என்பதில் டீக்கடை இன்னும் இரண்டுபட்டுத்தான் கிடக்கிறது. மதினியிடம் கேட்டால் சிரிக்கிறார், சொல்லமாட்டேன் என்கிறார்.